மார்ச் திருவிழாவுக்கு நவம்பரில் கொடியேற்றம்

மேற்படிப்புக்காக அமெரிக்கா வரும் நம் பிள்ளைகளுக்கு விசா நேர்காணல் பற்றியும் வாடகை ஒப்பந்தம் பற்றியும் குளிர்காலக் கோட்டு பற்றியும் சொல்லிக்கொடுக்க ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். மார்ச் மாதத்தைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. மார்ச் நடுவில் ஒரு திங்கட்கிழமை காலை ஆய்வகத்துக்கோ அலுவலகத்துக்கோ போனால், அதுவரை வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர்கள்கூட ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு பேனாவைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். கல்லூரிக் கூடைப்பந்து சாம்பியன் போட்டி தொடங்கப் போகிறது என்று அர்த்தம். அந்தத் தாளில் 68 கல்லூரிகளின் பெயர்கள் இருக்கும். பாதியை நாம் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம்.

நான் 2021இல் கோயம்புத்தூரிலிருந்து இண்டியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழகத்துக்கு முதுகலைப் பொறியியல் படிக்க வந்தேன். படிப்பு முடிந்து இப்போது இண்டியானாபொலிஸில் வேலை பார்க்கிறேன். இந்த மாநிலத்தில் கூடைப்பந்து என்பது வீட்டு விஷயம். சோளக்காட்டு நடுவே தனியாக நிற்கும் பண்ணைக் களஞ்சியத்தின் சுவரில்கூட ஒரு வளையம் மாட்டியிருப்பார்கள். இங்கே வாழ்ந்து, பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டதை இனி வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மார்ச்சின் மூன்று வாரங்களை மட்டும் பார்க்காதீர்கள். கொடியேற்றம் நவம்பரிலேயே ஆகிவிடுகிறது. அன்றிலிருந்து கூடவே இருந்தவர்களுக்குத்தான் தேரோட்டத்தின் அருமை தெரியும்.

போட்டியின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் தொடக்கம் வரை ஒவ்வொரு கல்லூரியும் முப்பது ஆட்டங்களை ஒட்டி ஆடும். கல்லூரிகள் கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. பர்டியூ இருப்பது பிக் டென் கூட்டமைப்பில். மார்ச்சில் ஒவ்வொரு கூட்டமைப்பும் தனக்குள் ஒரு போட்டி நடத்தும். அதில் வெல்லும் அணிக்குத் தேசியப் போட்டியில் இடம் நிச்சயம். 2024இல் 32 அணிகள் அப்படி வந்தன, மீதி 36 அணிகளைத் தேர்வுக் குழு பொறுக்கியெடுத்தது. ஒரு ஞாயிறு மாலை பட்டியல் வெளியாகும். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரநிலை. முதல் சுற்றில் 1ஆம் நிலை அணியும் 16ஆம் நிலை அணியும் மோதும், 2ஆம் நிலையும் 15ஆம் நிலையும் மோதும், இப்படியே போகும். ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆடும் நேரம் 40 நிமிடம். ஐந்து மாத உழைப்பை அந்த 40 நிமிடம் தின்றுவிடலாம். அதனால்தான் இத்தனை பேர் பைத்தியமாகிறார்கள்.

நவம்பர், டிசம்பர் ஆட்டங்களைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை. சின்னச் சின்னக் கல்லூரிகள் வந்து உதை வாங்கிக்கொண்டு போகும் காலம் அது. ஆனால் நம் மாணவர்களுக்கு அதுவே நல்ல வாய்ப்பு. நன்றியறிதல் நாள் விடுமுறையிலும் செமஸ்டர் முடிவிலும் உள்ளூர் மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். விமான டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு விடுதி அறையிலேயே அடைந்து கிடப்பவர்கள் நாம்தான். அந்த நாட்களில் டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு, ஆடுகளத்துக்கு நெருக்கமாக உட்காரலாம். பர்டியூவின் மெக்கி அரங்கம் பதினாலாயிரத்துக்கும் அதிகமானோர் உட்காரும் வட்டக் கட்டடம். நிறைந்திருக்கும் நாளில் பேச்சுச் சத்தமே காதில் விழாது. நிறையாத நாளில் பயிற்சியாளர் போடும் சத்தம், காலணி தரையில் தேய்க்கும் கிறீச்சொலி, ஒருவர் இன்னொருவருக்கு 'பின்னால் ஆள்' என்று கொடுக்கும் எச்சரிக்கை எல்லாம் கேட்கும். ஆட்டத்தை நான் கற்றுக்கொண்டது அந்த நிறையாத நாட்களில்தான். பந்தை வைத்திருப்பவனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பந்து இல்லாத நால்வரும் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் பழகினால், ஆட்டத்தின் பாதி பிடிபட்டுவிடும்.

அப்படிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் ஸாக் ஈடியைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்கவும் முடியாது. உயரம் 7 அடி 4 அங்குலம். கனடாவின் டொரன்டோக்காரர். சிறுவயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர். உயர்நிலைப் பள்ளிக் காலத்தில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். கல்லூரியில் சேரும்போது நாடு தழுவிய வீரர் வரிசையில் அவருடைய இடம் 400க்கும் பின்னால். அந்தப் பையன் 2023இலும் 2024இலும் தொடர்ந்து ஆண்டின் சிறந்த கல்லூரி வீரராகத் தேர்வானார். 1980களின் தொடக்கத்தில் வர்ஜீனியாவின் ரால்ஃப் சாம்ப்சனுக்குப் பிறகு யாருக்கும் அது வாய்த்ததில்லை.

உயரத்தைவிட என்னை அவரோடு ஒட்டவைத்தது வேறொன்று. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியது. சக வீரர்கள் கார் விளம்பரத்திலும் உணவக விளம்பரத்திலும் வந்துகொண்டிருந்தார்கள். நாட்டிலேயே சிறந்த வீரரான ஈடியால் அமெரிக்க மண்ணில் அந்த வேலையைச் செய்ய முடியவில்லை. காரணம், அவரிடம் இருந்தது எஃப்-1 மாணவர் விசா. வாரத்துக்கு 20 மணி நேரம், அதுவும் வளாகத்துக்குள் மட்டும் என்று கணக்குப் பார்த்து வேலை செய்துகொண்டிருந்த எங்களிடம் இருந்த அதே விசா. பன்னாட்டு மாணவர் அலுவலக வரிசையில் நிற்கும் எவருக்கும் இது உறைக்கும். ஒரு அணியை நேசிக்கக் காரணம் தேடுகிறவர்கள் இப்படி ஒரு மனிதரைத் தேடுங்கள். புள்ளிவிவரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி 2023 மார்ச் 17.

பர்டியூ 1ஆம் நிலை அணி. பிக் டென் போட்டியையும் வென்றுவிட்டு வந்திருந்தது. எதிரே நியூ ஜெர்சியின் ஃபேர்லி டிக்கின்சன், 16ஆம் நிலை. கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதல் பிரிவில் இருந்த 363 அணிகளில் சராசரி உயரம் மிகக் குறைந்த அணி அதுதான். முந்தைய ஆண்டு ஆடியதில் நான்கே வெற்றி, 22 தோல்வி. தங்கள் கூட்டமைப்புப் போட்டியைக்கூட அவர்கள் வெல்லவில்லை. வென்ற மெரிமாக் கல்லூரி முதல் பிரிவுக்குப் புதிது என்பதால் தகுதியில்லாமல் போக, இந்த இடம் இவர்களுக்குக் கிடைத்தது. புதுப் பயிற்சியாளர் டோபின் ஆண்டர்சன், தான் முன்பு இருந்த இரண்டாம் பிரிவுக் கல்லூரியிலிருந்து மூன்று பேரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். அவர்களில் டிமிட்ரி ராபர்ட்ஸின் உயரம் 5 அடி 8 அங்குலம். நம் ஊர்ப் பையன்களின் உயரம்.

விடுமுறை வாரம். ஊருக்குப் போகாத நாங்கள் சிலர் ஒரு தோழியின் வீட்டில் கூடியிருந்தோம். ஆட்டம் நடந்தது ஓஹையோவின் கொலம்பஸில். எளிதாக முடிந்துவிடும், சீக்கிரம் சாப்பிட்டுவிடலாம் என்று ஒரு பக்கம் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முதல் பத்து நிமிடத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பந்து பர்டியூவின் கையில் வந்தவுடனே குட்டையான பையன்கள் இருவர் களத்தின் மறுமுனையிலிருந்தே மேலே விழுந்து பிடுங்கினார்கள். பந்தைக் கொண்டுவர வேண்டிய பிரேடன் ஸ்மித்தும் ஃபிளெட்சர் லோயரும் முதலாண்டு மாணவர்கள். ஈடிக்கு முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். அவருக்குப் பந்து போகும் வழியை அடைத்துவிட்டு, வெளியே நின்றவர்களை 'முடிந்தால் எறிந்துகொள்' என்று விட்டுவிட்டார்கள். எறிந்தார்கள். தூரத்து வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி வீச்சுகள் 26இல் 5 மட்டுமே உள்ளே போயின. ஒவ்வொரு தவறிய வீச்சுக்கும் அரங்கத்தில் நடுநிலையாக உட்கார்ந்திருந்தவர்கள் சின்ன அணியின் பக்கம் சாய்ந்துகொண்டே போவது தொலைக்காட்சியிலேயே கேட்டது. ஷான் மூர் என்ற கொலம்பஸ் பையன் சொந்த ஊரில் 19 புள்ளி அடித்தான். 63-58. அடுப்பை யார் அணைத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

ஆண்கள் போட்டியின் வரலாற்றில் 16ஆம் நிலை அணி 1ஆம் நிலை அணியை வென்றது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான். 2018இல் மேரிலாந்தின் பால்டிமோர் கவுன்டி வளாகம் வர்ஜீனியாவை 74-54 என்று சாய்த்திருந்தது. பர்டியூவுக்கோ இது தொடர்கதை. 2021இல் 13ஆம் நிலை வட டெக்சஸிடம் தோல்வி, 2022இல் 15ஆம் நிலை செயின்ட் பீட்டர்ஸிடம் தோல்வி, அதன் மேல் இது.

தோற்ற பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி எந்த வழிகாட்டியும் எழுதுவதில்லை. எனவே நான் எழுதுகிறேன். அன்றிரவு இணையத்தைத் திறக்காதீர்கள். இருபது வயதுப் பையன்கள்மேல் அன்று கொட்டப்பட்ட வசையைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதில் பெரும்பகுதி பந்தயத்தில் பணம் விட்டவர்களுடையது. இண்டியானாவில் 2019இலிருந்து விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வம், கைபேசியில் ஒரு நிமிட வேலை. மாணவர்களுக்கு அக்காவாகச் சொல்கிறேன், அதன் பக்கம் போகவே போகாதீர்கள். போகிற பணம் ஒரு பக்கம். பணம் கட்டிவிட்டால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது, கணக்கு மட்டும்தான் தெரியும். கல்லூரி வீரர் ஒவ்வொருவரின் தனிப்பட்ட புள்ளிகள்மேல் பந்தயம் கட்டுவதைத் தடை செய்ய வேண்டும் என்று போட்டியை நடத்தும் அமைப்பின் தலைவரே 2024இல் கேட்டுக்கொண்டார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, தோற்ற ஆட்டத்தை ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். மனம் ஆறியிருக்கும், காரணம் தெரியும். நெருக்கிப் பிடிக்கும் எதிரணியைச் சமாளித்துப் பந்தைக் கொண்டுவர அனுபவமுள்ள இன்னொருவர் இல்லை; வெளியிலிருந்து துணிந்து எறிய ஆள் போதவில்லை. பயிற்சியாளர் மேட் பெயின்டரும் அதையேதான் கண்டார் போலும். அந்தக் கோடையில் தெற்கு இல்லினாயிலிருந்து லான்ஸ் ஜோன்ஸ் என்ற விரைவான, பயமறியாத வீரரைக் கொண்டுவந்தார். தொழில்முறை அணிகளின் தேர்வுக்குப் பெயர் கொடுத்துப் பார்த்த ஈடி, அதை விலக்கிக்கொண்டு கல்லூரிக்கே திரும்பினார். 2005இலிருந்து பயிற்சியாளராக இருக்கும் பெயின்டரை நீக்க வேண்டும் என்று கத்தியவர்கள் பலர். பல்கலைக்கழகம் அசையவில்லை. எதிரணி மாணவர்கள் அடுத்த பருவம் முழுக்க ஃபேர்லி டிக்கின்சன் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். ஒவ்வொரு செய்தியாளர் சந்திப்பிலும் அதே கேள்வி. பர்டியூ பையன்கள் ஒரு முறைகூட அந்தத் தோல்வியை மறைக்கப் பார்க்கவில்லை.

2023 நவம்பரை நான் விடாமல் பார்த்தேன். மாவுயி தீவில் ஆண்டுதோறும் நடக்கும் போட்டி, அந்த ஆகஸ்டில் லஹைனா நகரைத் தீ அழித்துவிட்டதால் ஹொனலூலுவுக்கு மாற்றப்பட்டிருந்தது. பர்டியூ அங்கே கொன்சாகாவை 73-63 என்றும், டென்னசியை 71-67 என்றும், மார்க்கெட் (Marquette) பல்கலைக்கழகத்தை 78-75 என்றும் வென்றது. வலுவான மூன்று அணிகள், அடுத்தடுத்த மூன்று நாட்கள். அடுத்த மார்ச்சில் கடைசி 16 அணிகளின் சுற்றில் பர்டியூவுக்கு எதிரே வந்தது அதே கொன்சாகா. கால் இறுதியில் வந்தது அதே டென்னசி. நவம்பரில் பார்த்தவர்களுக்கு அந்த ஆட்டங்களில் ஒரு தனி ருசி. டென்னசியின் முரட்டுத் தடுப்பு நமக்கு முன்பே அறிமுகம், யார் எங்கிருந்து எறிவார்கள் என்பதும் தெரியும். மார்ச்சில் வந்து உட்கார்ந்தவர்களுக்கு அவை வெறும் சட்டை நிறங்கள்.

இப்போது அந்தத் தாளுக்கு வருகிறேன். பிராக்கெட் என்பார்கள். 68 அணிகளை 64 ஆக்கும் நான்கு ஆரம்ப ஆட்டங்கள் போக, மீதி 63 ஆட்டங்களின் முடிவையும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெரியவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பிராக்கெட் போடக் கற்றுக்கொடுத்தது அவர்தான். நாணயம் சுண்டிப் போட்டு நிரப்பினால் எல்லாம் சரியாக அமைய 92 ஆயிரம் கோடி கோடிக்கும் மேற்பட்ட வழிகளில் ஒன்றே ஒன்று என்று முதலில் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 'முழுசாகச் சரியாக வரும் என்ற ஆசையை இங்கேயே வைத்துவிடு' என்றார். பிறகு சொன்னவை என் அனுபவத்தில் சரியாகவே இருந்திருக்கின்றன. சாம்பியன் யார் என்று முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி நிரப்ப வேண்டும். தாக்குதல், தடுப்பு இரண்டிலுமே நாட்டின் முன்வரிசையில் இருக்கும் அணியாக அது இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கெட்டியான அணி எங்காவது சறுக்கும். 12ஆம் நிலை அணிகள் 5ஆம் நிலை அணிகளை மூன்றில் ஒரு பங்கு ஆட்டங்களில் வீழ்த்தியிருக்கின்றன, எனவே அங்கே ஒன்றிரண்டு துணிச்சலான தேர்வு செய்யலாம். அதற்கு மேல் அதிர்ச்சி முடிவுகளைத் தேடிப் போனால் தாள் கிழிந்ததுதான். பந்தை அடிக்கடி பறிகொடுக்கும் அணியையும், ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) சரியாகப் போடாத அணியையும் தூரம் கொண்டுபோகக் கூடாது. நெருக்கமான ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் முழுக்க அவ்விரண்டும்தான்.

இவ்வளவு கவனமாக நிரப்பினாலும் 2024இல் முதல் நாளிலேயே என் தாளில் ஓட்டை விழுந்தது. மிச்சிகனின் ஓக்லண்ட் பல்கலைக்கழகம், 14ஆம் நிலை, பெரும்பேர் பெற்ற கென்டக்கியை 80-76 என்று வென்றது. ஜாக் கோல்கி என்ற வீரர் மூன்று புள்ளி வீச்சு மட்டுமே பத்து போட்டார். மறுநாள் யேல் பல்கலைக்கழகம் ஆபர்னைச் சாய்த்தது. ஓட்டை விழுந்தால் விழட்டும். அலுவலகத்தில் அதுவரை பெயர்கூடத் தெரியாத மாடிக்காரர்களோடு அந்த வாரம் பேசத் தொடங்கியவள் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறேன். பணம் வைக்காத பிராக்கெட் குழு எது என்று விசாரித்து அதில் சேருங்கள். கூச்சப்பட வேண்டாம், புதியவர்களை அவர்கள் ஆசையோடு சேர்த்துக்கொள்வார்கள்.

2024 மார்ச் 22 வெள்ளிக்கிழமை. இங்கே காலை பத்தரைக்குச் சேப்பாக்கத்தில் சென்னை அணியும் பெங்களூரு அணியும் ஐபிஎல் தொடக்க ஆட்டம். மாலையில் இண்டியானாபொலிஸின் கெயின்பிரிட்ஜ் அரங்கில் பர்டியூவின் முதல் சுற்று, எதிரே 16ஆம் நிலை கிராம்பிளிங். காலையில் சென்னை ஆறு விக்கெட்டில் வென்றுவிட்டது. அதற்குமேல் வேலையில் மனம் ஓடவில்லை. மறுபடியும் 16ஆம் நிலை அணி என்பதே ஊர் முழுக்கப் பேச்சு. 78-50. வென்ற பிறகுதான் ஊர் மூச்சு விட்டது.

டிக்கெட் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. இந்தப் போட்டியில் டிக்கெட் ஒரு ஆட்டத்துக்கு விற்பதில்லை, ஒரு அமர்வுக்கு விற்பார்கள். முதல் சுற்று நாளில் ஒரு அரங்கில் நான்கு ஆட்டங்கள், இரண்டிரண்டாக இரு அமர்வுகள். ஒரு டிக்கெட்டில் இரண்டு ஆட்டம் பார்க்கலாம். முதல் சுற்றில் தோற்ற நான்கு அணிகளின் ரசிகர்களும் அன்றிரவே தங்கள் இரண்டாம் சுற்று டிக்கெட்டை மறுவிற்பனைக்குப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புவார்கள். விலை இறங்குவது அப்போதுதான். அதே அரங்கில் அன்று பகலில் கொலராடோ அணி ஃபுளோரிடாவை 102-100 என்று கடைசி இரண்டு நொடிக்குள் எறிந்த பந்தில் வென்றிருந்தது. ஃபுளோரிடா ரசிகர்கள் விற்றுவிட்டுப் போன இடங்களில் ஒன்றில்தான் ஞாயிறு நான் உட்கார்ந்திருந்தேன். மார்க்கெட் கொலராடோவை வென்றதையும், பர்டியூ யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தை 106-67 என்று அடித்து நொறுக்கியதையும் ஒரே மூச்சில் பார்த்தேன். அதிகாரபூர்வ மறுவிற்பனை வழியாக மட்டும் வாங்குங்கள், அரங்க வாசலில் கைபேசித் திரையைக் காட்டி விற்பவர்களிடம் வேண்டாம். பை கொண்டுபோனால் உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடிப் பைதான் அனுமதி. தண்ணீர் புட்டியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பார்க்கிங் கட்டணம் மார்ச்சில் ஏறிக் கிடக்கும். சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பதே மேல்.

கால் இறுதி டெட்ராய்ட்டில் நடந்தது. 2024 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. கீழ்வீட்டுப் பெரியவர் தன் குடும்ப விருந்துக்கு என்னை அழைத்திருந்தார். எலுமிச்சைச் சாதம் கிளறி எடுத்துக்கொண்டு போனேன். டென்னசியின் டால்டன் நெக்ட் அன்று 37 புள்ளி அடித்தார். எங்கிருந்து எறிந்தாலும் விழுந்தது. ஈடி 40 புள்ளி, 16 ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). கடைசி நிமிடத்தில் நெக்ட் வளையத்தை நோக்கிப் பாய்ந்தபோது ஈடி கையை உயர்த்தி அந்தப் பந்தைத் தட்டிவிட்ட கணத்தில், பெரியவரின் பேத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். பெரியவர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். 72-66. பர்டியூ கடைசி நான்கு அணிகளுக்குள் வருவது 1980க்குப் பிறகு அதுவே முதல் முறை. 2019இல் கால் இறுதியில் கடைசி நொடியில் வர்ஜீனியா சமன்செய்து, கூடுதல் நேரத்தில் தட்டிப் பறித்த ஆட்டத்தை அவர் நேரில் போய்ப் பார்த்தவர். அந்த வர்ஜீனியா 2018இல் 16ஆம் நிலை அணியிடம் அவமானப்பட்டு, அடுத்த ஆண்டே கோப்பையை வென்ற அணி. அதையே அவர் ஓராண்டாக எனக்குச் சொல்லி வந்திருந்தார்.

வென்ற அணி ஏணி வைத்து வளையத்தின் வலையைக் கத்தரித்து எடுத்துக்கொள்வது வழக்கம். இண்டியானாவின் பள்ளிப் போட்டிகளில் இருந்த அந்த வழக்கத்தை, இந்த மாநிலத்துக்காரரான பயிற்சியாளர் எவரெட் கேஸ் 1947இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து அது நாடு முழுக்கப் பரவியது. அரை இறுதியில் பர்டியூவுக்கு எதிரே வந்தது அதே வட கரோலினா மாநிலம். கூட்டமைப்புப் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து ஆட்டம் வென்றால்தான் உள்ளே வர முடியும் என்ற நிலையில் அதைச் செய்துகாட்டி, 11ஆம் நிலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்த அணி. பர்டியூ அதை 63-50 என்று வென்றது. அம்மா கோயம்புத்தூரிலிருந்து அழைத்து, 'ஏன் கண்ணு, அந்த நெட்டைப் பையன் ஜெயித்துவிட்டானா?' என்று கேட்டார். ஆட்டம் என்ன ஏது என்று அம்மாவுக்குத் தெரியாது. பையனைத் தெரியும்.

இறுதி ஆட்டம் ஏப்ரல் 8. காலையில் சேப்பாக்கத்தில் சென்னை கொல்கத்தாவை ஏழு விக்கெட்டில் வென்றது. பிற்பகல் மூன்று மணியளவில் இண்டியானாபொலிஸின் மேல் முழுச் சூரிய கிரகணம்; அலுவலகமே வாகன நிறுத்தத்தில் அண்ணாந்து நின்றது. இரவு ஒன்பதேகாலுக்கு மேல் அரிசோனாவின் கிளென்டேலில் பர்டியூவும் கனெக்டிகட்டும். ஒரே நாளில் இத்தனையும்.

கனெக்டிகட்டின் பயிற்சியாளர் டான் ஹர்லி செய்ததை ஆட்டம் கற்க விரும்புகிறவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். ஃபேர்லி டிக்கின்சன் செய்ததற்கு நேர்மாறு அது. ஈடியை இருவர் சூழவே இல்லை. 7 அடி 2 அங்குல டோனவன் கிளிங்கனை மட்டும் தனியாக அவர்மேல் விட்டுவிட்டு, மற்ற நால்வரும் வெளியே எறிபவர்களோடு ஒட்டிக்கொண்டார்கள். ஈடி 37 புள்ளி அடித்தார். அடிக்கட்டும் என்றே விட்டார்கள். பருவம் முழுக்க மூன்று புள்ளி வீச்சால் வாழ்ந்த பர்டியூ அன்று எறிய முடிந்ததே ஏழு, விழுந்தது ஒன்று. அணியின் மொத்தம் 60. ஈடியைத் தவிர மற்ற எல்லாருமாகச் சேர்ந்து 23. கனெக்டிகட் 75 எடுத்துத் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகக் கோப்பையைக் கொண்டுபோனது. பர்டியூ ஆண்கள் அணிக்குக் கோப்பை இன்னும் கைகூடவில்லை. 1969இலும் இறுதியில் தோல்விதான். ஆனால் 2023இல் எனக்கு வந்த கோபமும் வெட்கமும் அன்று வரவில்லை. நம்மைவிடச் சிறந்த அணியிடம் தோற்றோம் என்பது நவம்பரிலிருந்து பார்த்துவந்த கண்ணுக்குத் தெளிவாகவே தெரிந்தது.

பெண்கள் போட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அதே 2024இல் அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் ஆடிய இறுதி ஆட்டத்தை ஆண்கள் இறுதி ஆட்டத்தைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். வரலாற்றில் அதுவே முதல் முறை. தென் கரோலினா 87-75 என்று வென்றது. பர்டியூவுக்கு ஆண்கள் கொண்டுவராத கோப்பையைப் பெண்கள் 1999இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த அணியின் நட்சத்திரமான ஸ்டெஃபனி வைட், 2025இல் இண்டியானா ஃபீவர் என்ற தொழில்முறைப் பெண்கள் அணியின் பயிற்சியாளராக கிளார்க்குக்குப் பயிற்சி தந்தார். மாணவர்களின் பைக்குத் தோதானதும் இந்தப் போட்டிதான். பெண்கள் பிரிவில் முன்னணி 16 அணிகள் முதல் இரண்டு சுற்றுகளைத் தங்கள் வளாகத்திலேயே நடத்துகின்றன. உங்கள் கல்லூரி அவற்றில் ஒன்றாக இருந்தால் விமானமும் வேண்டாம், விடுதியும் வேண்டாம். நடந்தே போய்த் தேசியப் போட்டி பார்க்கலாம். பின் வரிசையில்கூடக் கண்ணுக்கெட்டும் தூரம்தான்.

2025இல் பர்டியூ கடைசி 16 அணிகளின் சுற்றில், இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் அரங்கிலேயே, ஹூஸ்டனிடம் 62-60 என்று தோற்றது. சமநிலையில் இரண்டே நொடி மிச்சமிருக்கும்போது எல்லைக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே போட்டு, வாங்கி, திருப்பிக் கொடுத்து முடித்தார்கள். எங்கள் வரிசையில் யாரும் உடனே எழுந்து போகவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரர் ஹூஸ்டன் ரசிகர், 'அழகான ஆட்டம்' என்று கை கொடுத்தார். கொடுத்த கையை உண்மையான மரியாதையோடு பற்றினேன்.

2026 ஏப்ரல் 4, 6 தேதிகளுக்கு ஆண்கள் போட்டியின் கடைசி மூன்று ஆட்டங்களும் அதே லூகாஸ் ஆயில் அரங்கில்தான் குறிக்கப்பட்டன. டிக்கெட் விலை மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்று தெரியும். ஆனால் அரை இறுதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நான்கு அணிகளும் அரங்கில் பயிற்சி செய்வதை வழக்கமாக எல்லாரும் இலவசமாகப் பார்க்கலாம். பர்டியூவிலிருந்து ஒரு மணி நேரச் சொச்சம் கார்ப்பயணம்; இல்லினாயிலிருந்தும் ஓஹையோவிலிருந்தும் காலையில் கிளம்பி வரலாம். அந்த ஆட்டங்கள் உங்களுக்கு எட்டும் ஊருக்கு வரும் ஆண்டில் நாலு பேராகச் சேர்ந்து போங்கள், சீக்கிரம் போய்க் கீழ் வரிசையில் இடம் பிடியுங்கள். அதற்கு முன்னால் நவம்பரில் உங்கள் கல்லூரியின் முதல் ஆட்டம் எந்தத் தேதி என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.